டிவியில் பார்த்ததெல்லாம் நம்ம கிளப் ஆகுமா? மலையகத்து புட்போல் ரசிகர்களின் சண்டை

சிவப்புச்சட்டை (நோர்வூட்)

1999 மே 26 இரவு. மென்செஸ்டர் யுனைடெட்டும் பயர்ன் மியூனிக்கும் பார்சலோனாவில் ஆடிய சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. அதை நம்ம இலங்கை மலையகத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நம்ம கிளப்பின் அந்தக் காலத்தைப் பேச எனக்கு ஆள் கிடைப்பதில்லை. இப்போதைய பையன்களுக்கு யுனைடெட்டின் அந்த நாள் மெனேஜர் ஃபேர்குசன் என்றால் சூயிங்கம் மென்ற கிழவர், அவ்வளவுதான்.

நான் பார்த்தது நோர்வூட் டவுனில், கூரையில் டிஷ் வைத்திருந்த ஒரு கடையில். அன்றைக்குப் பின்னேரமே அந்த டிவிக்கு வேலை ஆரம்பித்துவிட்டது. இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த நேரம். டோன்டனில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மெட்ச். கங்குலி 183, டிராவிட் 145. இந்தியா 373 எடுத்து 157 ஓட்டங்களால் வென்றது. கடைக்குள் பாதிப் பேர் இந்தியாப் பக்கம், பாதிப் பேர் இலங்கைப் பக்கம். முதலாளி இலங்கைப் பக்கம். தோற்ற கடுப்பில் டிவியை அணைக்கப் போனார். "இன்னொரு மெட்ச் இருக்கு முதலாளி" என்று கெஞ்சினோம். சாயத்தண்ணிக்கும் ரொட்டிக்கும் முன்காசு வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

மெட்ச் தொடங்கும்போது 12.45. யுனைடெட்டின் கீனும் ஸ்கோல்ஸும் தடையில் வெளியே. ஆறாவது நிமிடத்திலேயே பயர்னின் பாஸ்லர் ஃப்ரீ கிக்கில் ஒன்று போட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பயர்ன் பக்கம்தான். ஷோல் அடித்தது பக்கக் கம்பத்தில் பட்டது, யான்கர் அடித்தது மேல் கம்பத்தில் பட்டது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார்கள். தொண்ணூறு நிமிடம் முடிந்து மூன்று நிமிடம் கூடுதல் என்று காட்டினார்கள். பெக்கம் கோர்னர் எடுத்தார், ஷெரிங்ஹம் கோல். கத்திய கத்தலில் தூங்கியவர்கள் எழுந்தார்கள். என்ன நடந்தது என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் இன்னொரு கோர்னர், சோல்ஷாயர் கோல். இரண்டு பேருமே பிற்பாதியில் மாற்று ஆட்களாக இறங்கியவர்கள். மூன்று நிமிடத்துக்குள் உலகமே மாறிவிட்டது.

விடிய இரண்டரைக்கு மேல் ஆகிவிட்டது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அந்த நேரத்தில் ரோட்டில் நடந்து சோதனையில் மாட்டினால் அடையாள அட்டையைக் காட்டிக் கதை சொல்லி முடிய விடிந்துவிடும். அதனால் கடையிலேயே கிடந்து, காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு நேரத்துக்குத்தான் தோட்டத்துக்கு ஏறினோம்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

பழைய கோல்கீப்பர் (பொகவந்தலாவை)

தம்பி, கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. நீங்கள் அன்றைக்கு அந்தக் கடைக்கே போகாமல் லயத்து வரிசை வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் சோல்ஷாயர் அந்தக் கோலை அடித்திருக்க மாட்டாரா?

அடித்திருப்பார். அப்புறம் அது எப்படி உங்கள் கிளப்?

எங்கள் கிளப்பை நான் பார்த்தது எழுபதுகளில். பார்த்தது என்ன, கோல் கம்பத்துக்கு நடுவில் நானே நின்றேன். தோட்டத்து டீம். மாசியில் காமன் கூத்து நடக்கும் அதே வெட்டவெளிதான் மைதானம். ஒரு பக்கம் சரிவு. அந்தப் பக்கம் கோல் வைத்திருக்கும் டீமுக்குப் பாதி நேரம் மலை ஏறுகிற வேலை. மூங்கில்தான் கம்பம். கோடு போடுவதற்கு ஸ்டோரிலிருந்து டொலமைட் வாங்கி வருவோம். தேயிலை மண்ணுக்குப் போட வந்த டொலமைட்டில் பெனால்டி பெட்டி வரைந்தவர்கள் நாங்கள்.

போல் தோல் போல். உள்ளே பிளேடர், வெளியே லேஸ் கட்டியிருக்கும். மழையில் நனைந்தால் அதைத் தலையால் முட்டுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். லேஸ் பட்ட இடம் நெற்றியில் கிழித்துவிடும். சப்பாத்து இல்லை, வெறுங்கால். போல் தேயிலைக்குள் உருண்டுவிட்டால் சின்னப் பயல்கள் வடிகால் கானுக்குள் இறங்கித் தேடுவார்கள். காலில் அட்டையோடு ஏறி வருவார்கள்.

வேறு தோட்டத்தில் மெட்ச் என்றால் வேலையைப் பாதியில் விட்டுப் போக வேண்டும். கங்காணி அரைப்பேர்தான் போடுவார். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆடப் போனவர்கள் அவர்கள். யுனைடெட்டுக்காக நீங்கள் எதை விட்டீர்கள்? ஓர் இரவுத் தூக்கம்.

அந்த டீம் என்ன ஆனது தெரியுமா? 1964 ஒப்பந்தத்தில் நம்ம இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது என்று இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டில்லியில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். அப்போது முடிவு செய்யாமல் விட்ட 1,50,000 பேரையும் 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். எங்கள் லெப்ட் அவுட் ஒரு வருடம் போனார். சென்டர் ஹாஃப் அடுத்த வருடம் போனார். இரண்டு ஃபுல் பெக்கும் ஒரே கோச்சியில் போனார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வோமே, அதில். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பல். டீம் தோற்றுக் கலையவில்லை. கடவுச்சீட்டு வந்து கலைந்தது.

இதெல்லாம் நடந்த அதே மண்ணில் இருந்துகொண்டு பார்சலோனாவில் நடந்ததை "நம்ம கிளப்பின் அந்தக் காலம்" என்று சொல்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கணக்குப்புலி (தலவாக்கலை, இப்போது கொழும்பு)

கோல்கீப்பர் ஐயா சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். சிவப்புச்சட்டை கதையிலேயே ஓட்டை இருக்கிறது. பார்சலோனாவில் இரவு 8.45க்குத் தொடங்கிய மெட்ச். நம்ம நேரத்துக்கும் அதற்கும் கோடையில் மூன்றரை மணித்தியாலம்தான் வித்தியாசம். அப்படியானால் இங்கே 12.15. நீங்கள் 12.45 என்கிறீர்கள். இருந்து பார்த்தவருக்கு இது மறக்குமா?

சிவப்புச்சட்டை

மறக்காது. அதனால்தான் 12.45 என்று எழுதினேன்.

புலி அண்ணே, இன்றைய கடிகாரத்தை வைத்துக்கொண்டு 1999ஐக் கணக்குப் போடாதீர்கள். 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கமெல்லாம் வற்றிப்போய் கரண்ட் கட் நாடு முழுக்க இருந்ததே, அந்த மே மாதம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே கிடந்தது. ஆகவே 1999இல் கிரீன்விச்சிலிருந்து நமக்கு ஆறு மணித்தியாலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 12.45 வரும்.

காசல்ரி, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் நம்ம வீட்டு வாசலில். அந்தத் தண்ணியில் ஓடும் கரண்ட்டில் நாடே டிவி பார்த்தது, பக்கத்திலிருந்த லயத்தில் விளக்கு இல்லை. எத்தனையோ லயங்களில் கார் பெட்டரியில்தான் டிவி ஓடியது. டவுனுக்குத் தோளில் சுமந்துகொண்டு போய் சார்ஜ் போட்டு, திரும்பவும் மலையேறிக் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமைப் படத்துக்கா, ஞாயிற்றுக்கிழமை மெட்ச்சுக்கா என்று வீட்டுக்குள் சண்டை. ஓர் இரவுத் தூக்கத்தைத்தான் விட்டேன் என்று கோல்கீப்பர் ஐயா சொல்கிறார். பெட்டரி தூக்கியிருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்.

ஐயா, உங்கள் டீமை நான் குறை சொல்லவே இல்லை. நான் வளரும்போது அந்த டீம் இல்லை. நீங்களே சொல்கிறீர்கள், கோச்சி ஏறிப் போய்விட்டது என்று. மைதானம் இருந்தது, அதில் மாடு மேய்ந்தது. எனக்குக் கிடைத்தது பழைய பேப்பர்க் கடையில் வாங்கிய ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் படமும் பிபிசி வானொலியில் விட்டுவிட்டுக் கேட்கும் ஸ்கோரும்தான். எனக்கென்று எதையும் பிடிக்கக் கூடாது, நீங்கள் ஆடிய கதையைக் கேட்டே வாழ வேண்டும் என்றால் எப்படி?

இன்னொன்று. மென்செஸ்டர்காரன் குடித்த தேயிலை நம்ம ஆட்கள் கிள்ளிய கொழுந்து. நூறு வருடத்துக்கு மேலான தொடர்பு அது. அவன் நம்ம தேயிலையைக் குடிக்கலாம், நான் அவன் புட்போலைப் பார்க்கக் கூடாதா?

பழைய கோல்கீப்பர்

தேயிலை போனது. காசு வந்ததா? இப்போது ஜேர்சி வாங்கி அந்தக் காசையும் அங்கேயே அனுப்புகிறீர்கள்.

சிவப்புச்சட்டை

ஹட்டன் நடைபாதையில் வாங்கிய ஜேர்சியிலிருந்து மென்செஸ்டருக்கு ஒரு சதம்கூடப் போகாது ஐயா. அந்தக் கவலையை விடுங்கள்.

விசில் (நாவலப்பிட்டி)

கோல்கீப்பர் அண்ணன் எழுதியதைப் படித்துக் கண்ணீர் விடுகிறவர்கள் விடுங்கள். நான் நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன், டிக்கோயா வரைக்கும் போய் தோட்டத்து மெட்ச்சுகளுக்கு விசில் ஊதியவன். அந்தக் காலத்தின் மற்றப் பாதியைச் சொல்கிறேன்.

மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் மெட்ச் என்றால் நான் முதலில் பார்ப்பது போல் சரியாக இருக்கிறதா என்று அல்ல. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மைதானத்திலிருந்து ரோட்டுக்கு ஓடக் குறுக்கு வழி எது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். இரண்டு டீமும் இரண்டு தொழிற்சங்கம் என்றால் இன்னும் விசேஷம். ஹேண்ட்போல் கொடுத்தால் அது புட்போல் தீர்ப்பாக இருக்காது, சங்கத் தீர்ப்பாகிவிடும். சாதி பார்த்து ஆள் எடுத்த டீமையும் நான் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆடுகிற பையன் கோட்டுக்கு வெளியே நிற்பான், ஓடத் தெரியாதவன் உள்ளே நிற்பான். அவனிடம் போய் "இது உன் கிளப்" என்று கோல்கீப்பர் அண்ணன் சொல்லிப் பார்க்கட்டும்.

சமநிலையில் முடிந்தால் பெனால்டி உதைகள் என்பது 1970இலேயே ஆட்ட விதிகளுக்குள் வந்துவிட்டது. நான் ஊதிய தோட்டங்களில் வருடக்கணக்காகக் காசு சுண்டித்தான் கப் கொடுத்தார்கள். தலை விழுந்தால் ஒரு லயம் தப்பு மேளம் அடிக்கும், மற்ற லயம் கல் பொறுக்கும். பெனால்டி வைப்போம் என்று நான் சொன்னபோது "வெள்ளைக்காரன் சட்டம் இங்கே வேண்டாம்" என்றார்கள். புட்போலே எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

இதைச் சொல்வதால் நான் டிவிப் பக்கம் என்று நினைக்க வேண்டாம். டிவியில் பார்க்கிறவர்களுக்கு ஓஃப்சைட் தெரியும், ஃபேர்குசனின் மனைவி பெயர் தெரியும். ஆனால் முன்னால் நிற்கும் பையன் எந்தக் காலால் அடிக்கப் போகிறான் என்று தெரியாது. அது மைதானத்தில் நின்றால்தான் தெரியும்.

கிரிக்கெட் மட்டும் (பதுளை)

1996 மார்ச் 17, லாகூர். இலங்கை கிரிக்கெட் உலகக் கோப்பை எடுத்த நாள். இதற்கு மேல் இந்த நாட்டில் என்ன விளையாட்டுப் பேச்சு?

விசில்

அதற்கு ஒரு வருடம்கூட முன்னால் இல்லை, 1995இல் கொழும்பில் தெற்காசிய கோல்ட் கப் இறுதியில் இந்தியாவை 1–0 என்று இலங்கை புட்போல் டீம் வென்றது. கூடுதல் நேரத்தில் போட்ட கோல். உங்களுக்குத் தெரியாதது உங்கள் தவறில்லை. லாகூருக்குப் பிறகு நாட்டுக்கே மறந்துபோனது.

பீலிக்கரை (கொட்டகலை)

மூன்று ஆண்கள் சேர்ந்து "நம்ம கிளப்" எது என்று சண்டை போடுகிறீர்கள். நானும் ஒன்று கேட்கிறேன்.

கோல்கீப்பர் ஐயா, நீங்கள் இல்லாவிட்டாலும் சோல்ஷாயர் கோல் அடித்திருப்பார் என்று தம்பியை மடக்கினீர்கள். சரி. உங்கள் கோல்களை என் அம்மா இல்லாமலேதான் அடித்தீர்கள். எங்கள் தோட்டத்தில் தண்ணி பிடிக்கும் பீலிக்குப் போகிற பாதை மைதானத்துக்கு மேலே. தண்ணிக் குடத்தோடு ஒரு நிமிடம் நின்றால் "பொம்பளைகளுக்கு இங்க என்ன வேலை" என்று கீழேயிருந்து சத்தம் வரும். அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை இறக்கி, தண்ணி எடுத்து, ரொட்டி சுட்டு முடிக்கும்போது உங்கள் மெட்ச் முடிந்து தப்புச் சத்தம் கேட்கும். அரைப்பேர் போட்டார்கள் என்று எழுதினீர்களே, அந்த வாரம் அரைச் சம்பளத்தில் அரிசிக்கு என்ன செய்தார்கள் என்று வீட்டில் கேட்டீர்களா?

எனக்கு புட்போலைக் கொடுத்தது டிவிதான். 2005 மே, லிவர்பூலுக்கும் ஏசி மிலானுக்கும் இஸ்தான்புல்லில் இறுதிப் போட்டி. (புலி அண்ணா, அதுவும் 12.45தான். கணக்குப் போட வேண்டாம்.) அண்ணன்மார் இரண்டு பேரும் மிலான் பக்கம். முதல் நிமிடத்திலேயே மால்டினி கோல். அப்புறம் கிரெஸ்போ இரண்டு. இடைவேளைக்கு 3–0. அண்ணன்மார் "முடிந்தது, அணைத்துவிட்டுப் படு" என்று போய்ப் படுத்தார்கள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தேன். ஜெரார்ட், ஷ்மிட்சர், அலொன்சோ. ஆறு நிமிடத்துக்குள் மூன்று கோல். சத்தம் போட முடியாமல் போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தேன். பெனால்டியில் ஷெவ்சென்கோவின் கடைசி உதையை டூடெக் தடுத்தார்.

விடிந்ததும் சொன்னேன். அண்ணன்மார் நம்பவில்லை. கனவு கண்டிருப்பாய் என்றார்கள். வானொலிச் செய்தி வந்த பிறகுதான் வாயை மூடினார்கள். அந்த வீட்டில் அந்த மெட்ச்சைப் பார்த்த ஒரே ஆள் நான். அதிலிருந்து என்னை ஒருவரும் "இங்க என்ன வேலை" என்று விரட்டிவிட முடியாது.

அதனால் டிவி ரசிகர் போலி ரசிகர் என்று யாராவது சொன்னால், உண்மையான மைதானத்தில் யாருக்கு இடம் கொடுத்தீர்கள் என்று கேட்பேன்.

கணக்குப்புலி

அக்கா சொன்னதற்கு எதிராக எழுத ஒன்றுமில்லை. ஆனால் 1990க்குப் பிறகு லிவர்பூல் லீக் எடுக்க 2020 வரை ஆனது என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பீலிக்கரை

முப்பது வருடம் காத்திருந்தோம். யுனைடெட்டுக்காரர்கள் 1967க்குப் பிறகு 1993 வரை காத்திருந்ததை யாரும் எழுதுவதில்லை.

பழைய கோல்கீப்பர்

தங்கச்சி, கோபம் நியாயம்தான். ஆனால் எங்கள் தோட்டத்தில் மேல் ரோட்டில் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். யாரும் கல்லெறியவில்லை. கப் ஜெயித்து லொறியில் வந்து இறங்கினால் ஆரத்தி எடுத்தது அவர்கள்தான்.

பீலிக்கரை

ஆரத்தி எடுக்க மட்டும் ஐயா. தட்டோடு வந்தால் வழி விடுவீர்கள், குடத்தோடு வந்தால் விரட்டுவீர்கள்.

நீலகிரிக் காற்று (கூடலூர்)

இரண்டு மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா என்று யோசித்தேன். என் அப்பா அந்தக் கோச்சியில் வந்தவர். நோர்வூட் பக்கத்துத் தோட்டம். லெப்ட் அவுட் ஆடியவர் (பொகவந்தலாவை ஐயா சொல்லும் அதே ஆள் இல்லை, ஊர் வேறு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்). இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இங்கே தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை.

இங்கே வந்தவர்கள் திரும்பவும் டீம் போட்டார்கள். தாங்கள் விட்டு வந்த இலங்கைத் தோட்டத்தின் பெயரையே டீமுக்கு வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது, "சிலோன்காரன் டீம்" என்றுதான் சொல்வார்கள்.

கூடலூரிலிருந்து நாடுகாணி கணவாய் இறங்கினால் நிலம்பூர், மலப்புறம் மாவட்டம். அங்கே ஏழு பேர் ஆடும் செவன்ஸ் என்றால் ஊரே அடங்கிவிடும். அப்பா பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார், என்னையும் கூட்டிப் போவார். அங்கே நான் கண்டது என்னவென்றால், உள்ளூர் செவன்ஸுக்கு டிக்கெட் எடுத்து மூங்கில் கேலரியில் நெருக்கியடித்து உட்காருகிற அதே ஆள்தான் உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினாவுக்கு ஆளுயரத்தைத் தாண்டிக் கட்அவுட் வைப்பான். 2022இல் கோழிக்கோடு பக்கத்தில் ஆற்றுக்கு நடுவில் மெஸ்ஸிக்குக் கட்அவுட் வைத்தது உலகமெல்லாம் செய்தியானது. அவனிடம் போய் "மெஸ்ஸி உன் ஆளா, செவன்ஸ் டீம் உன் ஆளா" என்று கேட்டால் சிரிப்பான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவனை யாரும் கேட்டதில்லை. நீங்கள் ஏன் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்கள்?

அப்பாவுக்கு டிவியில் மெட்ச் பார்க்கப் பொறுமை கிடையாது. "கேமரா போல் இருக்கிற இடத்தையே காட்டுது. போல் இல்லாதவன் எங்க ஓடுறான்னு எனக்குத் தெரியணும்" என்பார். அது பிடிவாதமா, அறிவா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்க்க முடியவில்லை.

விசில்

அப்பாவுக்கு என் வணக்கம். அது அறிவு.

பழைய கோல்கீப்பர்

கூடலூர் தம்பி, நீங்கள் எழுதியதைப் பேரனிடம் படிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன். எந்தத் தோட்டம் என்று தனியாக எழுதி அனுப்புங்கள். நாங்கள் உங்கள் அப்பாவின் டீமோடு ஆடியிருக்கலாம்.

ஆனால் வாதத்தை விட மாட்டேன். மலப்புறத்துக்காரனுக்கு இரண்டும் இருக்கிறது என்கிறீர்கள். அவனுக்கு மைதானம் இருக்கிறது, அதனால் இரண்டும் இருக்கிறது. இங்கே மைதானம் போனது, டிவி மட்டும் மிஞ்சியது. அரைப் பட்டினி கிடக்கிறவனிடம் வந்து "சோறும் சாப்பிடலாம், கேக்கும் சாப்பிடலாம், ஏன் சண்டை" என்று கேட்பதுபோல் இருக்கிறது. நாங்கள் ஆடிய வெட்டவெளியில் இப்போது வீடு வந்துவிட்டது. போல் உதைக்க இடம் இல்லாத பயல்களுக்கு யுனைடெட்டும் லிவர்பூலும்தான் கிளப் என்று ஆகிவிட்டது. அவர்களாகத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லாதீர்கள்.

சிவப்புச்சட்டை

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள் ஐயா. அந்த வீடு பற்றியும் பேசிவிடுவோம்.

எங்கள் தோட்டத்திலும் மைதானத்தின் ஒரு பகுதியை எடுத்து வீடு கட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி. அதில் ஒன்று எங்கள் வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் அப்பா, அம்மா, பிள்ளைகள், கல்யாணம் முடித்த அண்ணன் எல்லோரும் கிடந்தோம். காணி எழுதிக் கொடுக்கிறோம், வீடு தருகிறோம் என்று வந்தால் "இல்லை, இது கோல் கம்பம் இருந்த இடம்" என்று சொல்லவா முடியும்? நம்ம ஆட்களுக்கு இருநூறு வருடமாகச் சொந்த நிலம் என்று ஒன்று கிடையாது. மைதானமும் நம்முடையது இல்லை, தோட்டத்துடையது. துரை நினைத்தால் அடுத்த நாளே கன்று நட்டிருப்பார். உங்கள் கிளப்புக்கு மைதானத்தில் இருந்த உரிமை, எனக்கு யுனைடெட்டின் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்தில் இருக்கும் உரிமையைவிடப் பெரிதில்லை.

பீலிக்கரை

வீட்டு விஷயத்தில் தம்பி பக்கம் நான். மைதானத்தைவிட வீடு முதல். ஆனால் மிச்ச நிலம் எவ்வளவோ கிடக்க, தட்டையாக இருக்கிறது, வெட்டுச் செலவு மிச்சம் என்று மைதானத்தை எடுத்தார்களே, அதைத்தான் கேட்க வேண்டும். சரிவை வெட்டிக் கட்டியிருக்கலாம். பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டாம் என்று எந்தத் தாயும் சொன்னதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது பெண் பிள்ளைகள் டீம் இருக்கிறது. பழகுவது ரோட்டில். வளைவில் லொறி வந்தால் ஒருத்தி கை காட்டி நிறுத்துவாள்.

பழைய கோல்கீப்பர்

அந்தப் பிள்ளைகளை யார் பழக்குகிறார்கள்?

பீலிக்கரை

ஒரு டீச்சர். யூடியூப் பார்த்து.

பழைய கோல்கீப்பர்

கோல்கீப்பர் பழக யூடியூப் போதாது. விழுவது எப்படி என்று யாராவது பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். முழங்கால் போய்விட்டது, என்னால் விழுந்து காட்ட முடியாது. வாயால் சொல்லலாம். எந்தப் பள்ளிக்கூடம் என்று டீச்சரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

விசில்

சாதாரண விஷயம் ஒன்று. வருகிற சனிக்கிழமை பின்னேரம் ஹட்டன் டன்பார் மைதானத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒரு சிநேகப் போட்டி ஆடுகிறார்கள். நான்தான் விசில். ஓடுகிற வயசு இல்லை, நடந்தே ஊதுவேன். இங்கே எழுதியவர்கள் வரலாம். பெண்களும் வரலாம் தங்கச்சி, நின்று பார்க்கலாம், கத்தலாம், என்னைத் திட்டவும் செய்யலாம்.

பழைய கோல்கீப்பர்

வருகிறேன். சிவப்புச்சட்டைத் தம்பி, அந்தச் சட்டையோடேயே வாங்க. உங்கள் கண்ணால் ஒரு மெட்ச் பாருங்கள், பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

சிவப்புச்சட்டை

சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

விசில்

நாலரை.

சிவப்புச்சட்டை

ஐந்து மணிக்கு யுனைடெட் மெட்ச் இருக்கிறது ஐயா.

கணக்குப்புலி

இந்தத் தரம் நேரம் சரி. பார்த்துவிட்டேன்.